கல்லும் வண்ணமும்: பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): என் கணவருக்காகச் சென்ற ஆண்டு வாங்கிய மாணிக்க மோதிரம் இறுக்கமாக இருந்ததால், தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். அவர் கல்லைக் கழற்றாமலேயே பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது கல்லுக்குள் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. கடைக்காரர் ஆசாரியின் மேல் பழி போடுகிறார். ஆசாரியோ கல்லே சரியில்லை என்கிறார். கடையில் 'இயற்கை மாணிக்கம்' என்று ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் யாரைக் கேட்பது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அது கண்ணாடி நிரப்பிய மாணிக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெடிப்புகள் நிறைந்து, நகைக்கு உதவாது என்று ஒதுக்கப்படும் மட்டமான கல்லைத் திராவகத்தில் கழுவி, ஈயம் கலந்த கண்ணாடியோடு சேர்த்துச் சூடாக்கினால், உருகிய கண்ணாடி வெடிப்புகளுக்குள் இறங்கி அவற்றை மறைத்துவிடும். கல் தெளிந்து, பல மடங்கு விலையுள்ள கல்லைப் போலத் தோன்றும். மாணிக்கம் குருந்தம் என்னும் கனிம வகையைச் சேர்ந்தது. அந்தக் கனிமம் ஆசாரியின் நெருப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈயக் கண்ணாடி தாங்காது. சூட்டிலும், பற்றவைக்கும்போது போடும் வெங்காரத்திலும், பற்றவைத்தபின் முக்கி எடுக்கும் திராவகத்திலும் அது அரிக்கப்பட்டுவிட, மறைந்திருந்த வெடிப்புகள் வெள்ளைக் கோடுகளாக வெளிப்படும். எலுமிச்சைச் சாறு பட்டால்கூட இத்தகைய கல் கெடும்.

கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்திருந்தால் இது நேர்ந்திராது என்பது உண்மைதான். ஆனாலும் கல்லில் கண்ணாடி நிரப்பியிருப்பதை விற்கும்போதே சொல்ல வேண்டியவர் கடைக்காரர்; அவர் சொல்லியிருந்தால் நீங்களும் ஆசாரியிடம் சொல்லியிருப்பீர்கள். எனவே முதல் பொறுப்பு கடையினுடையது என்பதே என் உறுதியான கருத்து.

இனி அந்த அட்டையை எடுத்து முழுவதும் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 'இயற்கை மாணிக்கம்' என்று அச்சிட்டுவிட்டு, அடியில் 'குறிப்பு' என்ற வரியில், கண்ணாடி நிரப்பித் தெளிவு கூட்டப்பட்டது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அல்லது அந்த வரியே இருக்காது. இரண்டுமே உங்களுக்குப் பயன்படும் சான்றுகள். கல்லை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தால், வெடிப்பின் ஓரமாக நீல ஒளி பளிச்சிட்டு மறைவதையும், தட்டையான காற்றுக் குமிழிகளையும் காணலாம். ஆனாலும் வழக்குக்கு உங்கள் கண் போதாது என்பதால், கடைக்குத் தொடர்பில்லாத ஓர் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை கல்லை மெருகேற்றவோ மாற்றவோ யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மோதிரம் சோதிடப் பலனுக்காக வாங்கியதா அழகுக்காக வாங்கியதா என்பது இங்கே பொருட்டல்ல. இயற்கைக் கல் என்று பணம் வாங்கியவர், அந்தக் கல்லுக்கு என்னென்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

கேள்வி (தென்காசி வாசகர்): மகள் திருமணத்துக்குக் கெம்புக்கல் அட்டிகை பார்த்தோம். மொத்த எடைக்கும் தங்க விலை போடுவதுதான் வழக்கம் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. கெம்பு வேலையில் கல்லின் எடை மட்டுமல்லாமல், கல்லுக்கு அடியில் நிரப்பும் அரக்கின் எடையும் சேர்ந்தே தராசில் ஏறுகிறது. இரண்டுக்கும் பொன் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் காட்டியே ஆக வேண்டும். கல் எடையைக் காரட்டில் சொன்னால் 5 காரட் ஒரு கிராம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இன்று அட்டிகைகளில் பதிப்பவை பெரும்பாலும் செயற்கைக் கற்களோ கண்ணாடியோதான். பிறகு விற்கப் போனால் அவற்றுக்கு விலை கிடைக்காது. ஹால்மார்க்கோடு பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீட்டைக் கடையிலேயே, ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை வகையில் வெள்ளியின் மேல் தங்கத் தகடு ஒட்டிக் கல் பதிப்பதும் உண்டு. அது அருமையான கைவேலை. ஆனால் வெள்ளி நகை என்று தெரிந்தே, அதற்குரிய விலையில் வாங்க வேண்டும்.

கேள்வி (திசையன்விளை வாசகர்): நம் கடற்கரை மணலிலிருந்து எடுத்த கோமேதகம் என்று ஒருவர் கல் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நம் கரையோர மணலில் கார்னெட் என்னும் கனிமம் இருப்பது உண்மை. ஆனால் அது மணல் பருமனுள்ள கருஞ்சிவப்புத் துகள். உப்புத்தாள் செய்யவும், நீர்ப்பீய்ச்சலால் உலோகம் வெட்டவும் பயன்படுவது. நவரத்தினத்தில் சேரும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான் என்றாலும், தேன் நிறமுள்ள அந்த வகை வேறு. அதற்குப் பெயர்பெற்ற இடம் இலங்கை.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகி): குற்றாலம் சித்திரசபையையும் திருப்புடைமருதூர்க் கோபுர ஓவியங்களையும் பார்த்த ஆசையில், பூசை அறையின் சுண்ணாம்புச் சுவரில் கல் வண்ணங்களால் படம் எழுத எண்ணியிருக்கிறோம். சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், 'லாபிஸ்' நீலம் எல்லாம் பொடியாகக் கிடைக்கின்றன. இயற்கைப் பொருள் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆபத்தில்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: உங்கள் ஆசை நல்ல ஆசை, ஆனால் கடைக்காரர் சொல்வது தவறு. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக். ஆரஞ்சு நிறச் செந்தூரம் என்று கிடைப்பது பல இடங்களில் ஈயச் செந்தூரம். மண்ணிலிருந்து வந்தவை என்பதால் இவற்றின் நஞ்சு குறைந்துவிடாது. பொடியைக் குழைக்கும்போது பறக்கும் தூசியே பெரிய கேடு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பெயர்ச்சீட்டு இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் பொடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்?

சுண்ணாம்புச் சுவருக்கு மிகவும் ஒத்துப்போவது காவிக்கல்லும் மஞ்சள் காவியும்தான். இரண்டும் இரும்பு சேர்ந்த மண் நிறங்கள். வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் மங்குவதில்லை. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலுக்குச் செந்நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடே. வெள்ளைக்குச் சுண்ணாம்பும் கறுப்புக்கு விளக்குக் கரியும் போதும்.

நீலத்தில்தான் ஏமாற்று அதிகம். உண்மையான லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வருவது. அதை அரைத்துப் பிரித்தெடுத்த நீலம் மிகவும் விலை கூடியது. 1820களில் பிரான்சில் கிமே என்பவர் அதே நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டார். இன்று அல்ட்ராமரைன் என்று மலிவாக விற்பது அதுதான். உங்கள் சுவருக்கு அதுவே போதும். அது சுண்ணாம்பிலும் நிலைக்கும். மலிவு விலையில் 'லாபிஸ்' என்று தருவதும் இதுவாகவே இருக்கும் என்பதால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பிரஷ்யன் நீலம் மட்டும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பின் காரத்தில் அது பழுப்பாகிவிடும். பொருளின் வேதிப்பெயர், தயாரித்தவர் பெயர், எடை மூன்றும் அச்சான பொட்டலமாக, பில்லோடு வாங்குங்கள். வாங்கிய ஒவ்வொரு நிறத்தையும் சுவரின் ஒரு மூலையில் சிறிது தீட்டி, நன்றாகக் காய்ந்தபின் நிறம் மாறவில்லை என்று கண்டுகொண்டு படத்தைத் தொடங்குங்கள்.