வாசகர் கேள்வி – பதில்: பெரிய டயரும் எண்பதில் வரும் நடுக்கமும்

கேள்வி (மன்னார்குடி வாசகர்): வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போய்வரும் என் ஜீப்பில் 235/70 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு, 265/75 ஆர்16 அளவில், தடித்த ரப்பர் முகடுகள் கொண்ட பட்டன் டயர்கள் போட்டிருக்கிறேன். சேற்றில் வண்டி நன்றாக ஏறுகிறது. ஆனால் தஞ்சாவூர்–திருச்சி சாலையில் 75 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது; 95-க்கு மேல் சற்றுத் தணிகிறது. இரண்டு கடைகளில், சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்ஸிங் செய்தாயிற்று. இரண்டிலும் இயந்திரம் பூஜ்யம் காட்டியது. டயரை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: டயரை மாற்றுவதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைக் கடந்ததும் தணிகிற நடுக்கம் பெரும்பாலும் சக்கரத்திலிருந்தே வருவது. அது இருக்கையில் அல்லாமல் ஸ்டீரிங்கில் தெரிவதால் முன்சக்கரங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கையும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் இல்லை.

பேலன்ஸிங்குக்குப் போகும் முன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவினீர்களா? நம் பகுதியில் இதைத்தான் நான் முதலில் கேட்பேன். சக்கரத்தின் வெளிமுகம் பளபளவென்று இருக்கும். பின்புறமாகக் கையை விட்டுத் தடவினால், வரப்பேறி வந்த வண்டல் களிமண் ரிம்மின் குழிவில் ஓட்டுச்சில்லைப் போல இறுகிக் கிடக்கும். தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் மேற்பரப்பு கரையுமே தவிர அடிமண் பெயராது. ஊறவைத்து, மூங்கில் குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

கைப்பிடி மண் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். உங்கள் புதிய டயரின் விட்டம் ஏறத்தாழ 80 செ.மீ.; மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளி ரிம்மில் ஒட்டிய 100 கிராம் மண்ணை அந்த வேகம் ஏறத்தாழ ஆறு கிலோ விசையாக்கி, நொடிக்கு ஒன்பது முறை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 40 கி.மீ. வேகத்தில் அதே மண்ணின் இழுப்பு ஒன்றரைக் கிலோ அளவே. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமலிருப்பது அதனால்தான். (மீட்டர் பழைய டயருக்குச் சரியாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 75 காட்டும்போது வண்டி உண்மையில் 82-இல் ஓடுகிறது. இதையும் நினைவில் வையுங்கள்.)

ஒரு சம்பா அறுவடையின்போது நானே இதில் ஏமாந்திருக்கிறேன். மண் அப்பிய ரிம்மிலேயே ஒரு கடையில் எடையைச் சமன்செய்ய 90 கிராம் ஈயக்கட்டி அடித்துக் கொடுத்தார்கள்; நீடாமங்கலம் வருவதற்குள் மண்கட்டி உதிர்ந்து ஈயம் மட்டும் மிஞ்ச, வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கியது. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கழுவாமல் கொண்டுபோனவன் நான்.

இனி, இயந்திரம் காட்டிய பூஜ்யம். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல இயந்திரங்கள் ஐந்து கிராமுக்குக் குறைந்த வேறுபாட்டைப் பூஜ்யமாகவே காட்டும். நுண்ணளவுப் பொத்தானை அழுத்தினால்தான் மீதம் தெரியும். அதைவிட முக்கியமானது, கனமான சக்கரம் இயந்திரத்தின் தண்டில் நடுவாக உட்கார்ந்ததா என்பது. பூஜ்யம் வந்த பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, தண்டின்மேல் அரைவட்டம் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போது வேறு எண் வந்தால், சக்கரத்தின் நடுத்துளைக்குப் பொருந்தாத கூம்பை வைத்து மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். முதலில் வந்த பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

எடை சரியாகவே இருந்து, வட்டம் சரியில்லாமலும் போகலாம். சாதாரணப் பேலன்ஸிங் இயந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறதே தவிர, வண்டியின் பாரத்தை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பதில்லை. ஆகவே முட்டை வடிவச் சக்கரமும் அதில் பூஜ்யம் வாங்கிவிடும். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, ஒரு செங்கல்லின்மேல் பென்சிலைக் கிடத்தி, அதன் முனை டயரின் நடுப்பட்டன்களைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி 2, 3 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் நடுக்கத்துக்கு அதுவே காரணமாகலாம். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வளையக் கோட்டையும் கவனியுங்கள். அது ஓரிடத்தில் ரிம்முக்குள் அமிழ்ந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி மீண்டும் உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்திருந்தும் வட்டம் கோணினால், டயரை ரிம்மின்மேல் அரைவட்டம் திருப்பி மாட்டுவதே நல்ல வழி; டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பேலன்ஸிங் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சேற்றில் ஏறுவதற்காகக் காற்றை 18 பவுண்டுக்கு இறக்குகிறீர்களா? அப்படி ஓட்டினால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி நகர்ந்துவிடக்கூடும். நகர்ந்துவிட்டால், கனமான பக்கத்துக்கு எதிரே அடித்த ஈயம் இப்போது தவறான இடத்தில் இருக்கும். வால்வுக்கு நேராக டயரில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடும் வால்வும் பிரிந்திருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி (பாபநாசம் வாசகர்): ஈயமே வேண்டாம், டயருக்குள் சிறு மணிகளைப் போட்டால் தானாகச் சமநிலை வந்துவிடும் என்கிறார்கள். மணிகளுக்குப் பதிலாகச் சலித்த ஆற்றுமணலும் போதும் என்கிறார் என் மைத்துனர். சரிதானா?

பதில்: மணிகளைப் பற்றிய பேச்சு பொய்யன்று. சக்கரம் போதிய வேகத்தில் சுற்றும்போது, தளர்வாக உள்ள மணிகள் கனமான பக்கத்துக்கு எதிரே ஒதுங்குகின்றன. வேகம் வெகுவாகக் குறைந்தால் அவை சரிந்துவிடும். மறுபடி வேகமெடுக்கும்போது இடம் தேட வேண்டும். மணிகள் பட்டன்களுக்கு அடியில் மட்டுமே உருள்வதால், அகன்ற டயரின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அவை முழுமையாகத் தீர்ப்பதில்லை. பஞ்சர் கடைக் காற்றோடு வரும் ஈரம் பட்டால் கட்டிதட்டிவிடவும் செய்யும். ஆகவே ஜீப்புக்கு, உள்ளும் வெளியும் தனித்தனியே எடை பார்த்து ஈயம் வைப்பதையே பரிந்துரைப்பேன். அலாய் ரிம்மானால் ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு, ஆரங்களுக்குப் பின்னால், சேறு உரசாத இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மைத்துனரின் மணலை வீடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள்; அது டயரின் உட்பூச்சை அரம்போல் அராவி, வால்வையும் அடைத்துவிடும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): என் டிராக்டர் தார்ச்சாலையில் குதிக்கிறது. அதற்கும் பேலன்ஸிங் உண்டா?

பதில்: தேவையில்லை. 30 கி.மீ. வேகத்தில் டிராக்டரின் பின்சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்றுதான் சுற்றும். அதில் எடை வேறுபாட்டின் இழுப்பு சொற்பம். இடது வலது டயர்களின் காற்றழுத்தம் சமமா, தண்ணீர் நிரப்பியிருந்தால் இரண்டிலும் ஒரே அளவா என்று பாருங்கள். வால்வை மேலே நிறுத்தித் திறந்தால் தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட வேண்டும். அதுவே முக்கால் டயர். சேற்றுழவு முடிந்து, அதற்காக மாட்டிய இரும்புக் கேஜ் வீலைக் கழற்றும்போது போல்ட் முகத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டாமல் சக்கரத்தை மாட்டினாலும் அது கோணலாகத்தான் நிற்கும்.