சாட்ஸ்வர்த்திலிருந்து கிளாரன்ஸ் வரை: எழுபதைத் தொட்டவர்களுக்கு ஒரு நிதானமான கார்ப் பயணம்

கேள்வி: எனக்கு 68 வயது, வீட்டுக்காரருக்கு 72. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். தைப்பூசக் காவடி முடிந்து, ஈஸ்டருக்கு முன்னால் டிராக்கன்ஸ்பர்க் மலையும் அதற்கு அப்பாலுள்ள கிளாரன்ஸ் ஊரும் பார்த்துவிட்டு வர ஆசை. அவர்தான் கார் ஓட்டுவார். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். எனக்கு முழங்கால் வலி. நாலு நாளில் போய் வந்துவிடலாம் என்கிறார் அவர். வேண்டவே வேண்டாம் என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. நாலு நாளில் மட்டும் வேண்டாம், ஏழு நாள் ஆக்கிக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்தால் சுமார் 1000 கிலோமீட்டர் வரும். நாலு நாளில் முடிக்கப் பார்த்தால் பிற்பகலிலும் அந்தியிலும் ஓட்டியே ஆக வேண்டும், உங்கள் மகன் பயப்படுவதும் அதற்காகத்தான் இருக்கும். அதனால் தூரக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கைப் பிடியுங்கள். காலை எட்டரைக்குக் கிளம்புங்கள், பகல் ஒரு மணிக்குள் கார் அன்றைய தங்குமிடத்தில் நின்றுவிட வேண்டும். ஒரு நாளைக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்.

அது என்ன ஒரு மணி? கோடைக் கடைசியில், பிப்ரவரி முடிவிலும் மார்ச்சிலும், மலைப்பக்கம் காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். இரண்டு, மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடியும் மின்னலும் சில நாள் ஆலங்கட்டியும் கொட்டும். சாப்பிட்டபின் கண்ணைச் சுழற்றும் நேரமும் அதுவே. அந்தி சாய்ந்துவிட்டால் எதிர்வரும் விளக்கொளி வயதானவர் கண்ணைக் கூசச் செய்யும், கிராமச் சாலைகளில் மாடுகள் குறுக்கே வரும். இத்தனையும் மதியத்துக்குப் பிறகு வருகிறவை. காலையில் ஓட்டி முடித்தால் எதுவும் உங்களைத் தொடாது.

நாள் பார்ப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மார்ச் 21 மனித உரிமை நாள் விடுமுறை, அதற்கு ஒட்டிய வார இறுதியைத் தவிருங்கள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். ஈஸ்டரில் என்3 நெடுஞ்சாலை நிரம்பி வழியும், மாரியம்மன் கோயில் விழாவுக்கும் நீங்கள் ஊரில் இருக்க வேண்டுமல்லவா. திங்கட்கிழமை கிளம்பி ஞாயிறு காலை திரும்புவதுதான் வசதி. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்3 பக்கமே போகாதீர்கள்.

திங்கள்: சாட்ஸ்வர்த்திலிருந்து என்3 வழியே பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு. சுமார் 150 கிலோமீட்டர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சாலை அகலப்படுத்தும் வேலை பல இடங்களில் நடந்துவருகிறது. பாதை குறுகும், வேக வரம்பு மாறும், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஹோவிக் அருவி 95 மீட்டர் உயரம். ஊருக்குள்ளேயே இருக்கும் பார்வை மேடையிலிருந்து பார்க்கலாம், முழங்காலுக்கு வேலையில்லை. பக்கத்தில்தான் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம். 50 எஃகுத் தூண்களை நட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அத்தனையும் சேர்ந்து அவர் முகமாகும். அந்த இடத்துக்குச் சிறிது தூரம் நடக்க வேண்டும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்: என்3இல் எஸ்ட்கோர்ட் தாண்டி விண்டர்ட்டன், அங்கிருந்து ஆர்600 சாலையில் ஷாம்பெயின் பள்ளத்தாக்கு. இங்கே இரண்டு இரவு தங்குங்கள். டிராக்கன்ஸ்பர்க் சிறுவர் பாடகர் குழுவின் பள்ளி இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பள்ளி நடக்கும் காலத்தில் புதன்கிழமை பிற்பகல் கச்சேரி உண்டு, முன்பே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு இடம் பதியுங்கள்.

வியாழன்தான் பயணத்தின் உயிர். பெர்க்வில் தாண்டி ஆர்74இலிருந்து ராயல் நேட்டால் பூங்காவுக்குத் திரும்புங்கள். ஆம்ஃபிதியேட்டர் என்ற அந்த மலைச்சுவர் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கும், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். துகேலா பள்ளத்தாக்கு நடைப்பாதையை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள், போகவர அரைநாளுக்கு மேல் ஆகும். பத்தரைக்குள் ஆர்74க்குத் திரும்பி, ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறி, ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் அணையின் நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போய், ஆர்712இல் கோல்டன் கேட் பூங்காவுக்குள் நுழையுங்கள். மஞ்சள் மணற்கல் பாறைகளுக்கு இடையே பொதுச்சாலையே போகிறது. அங்கே மட்டும் 50 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், அவசரப்பட்டால் வந்ததற்கு அர்த்தமில்லை. முடிவில் கிளாரன்ஸ். டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த பால் குருகர் 1904இல் இறந்த சுவிட்சர்லாந்து ஊரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். அங்கே இரண்டு இரவு. பூங்காவுக்குள் ஒரு மணி நேரம் நின்று பார்க்க நினைத்தால் அதை வெள்ளிக்கிழமை காலைக்கு ஒத்திப்போடுங்கள்.

சனி: ஹாரிஸ்மித், வான் ரீனன் கணவாய் வழியே மீண்டும் நாட்டிங்ஹாம் ரோடு. சுமார் 235 கிலோமீட்டர், ஏழு நாளில் நீளமான ஓட்டங்களில் ஒன்று இது. ஹாரிஸ்மித்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய பெர்க்வியூவில் கழிப்பறை, தேநீர், பெட்ரோல் மூன்றும் ஒரே இடத்தில் முடியும். வான் ரீனன் லாரிகள் மொய்க்கும் கணவாய். விபத்தாலும் மறியலாலும் மூடப்பட்டது பலமுறை, 2023 ஜூலையில் அங்கே லாரிகளைக் கொளுத்தினார்கள். எனவே ஹாரிஸ்மித்திலேயே நிலவரம் கேட்டுவிடுங்கள். அடைத்திருந்தால் வந்தவழியே ஆர்74இல் இறங்கலாம், ஆனால் லாரிகளும் அங்கேதான் திரும்பும். அப்போது இன்னோர் இரவு ஹாரிஸ்மித்தில் தங்குவதே நல்லது.

கணவாயில் இறங்கும்போது செய்யும் தவறு ஒன்றுதான்: பிரேக்கை மிதித்தபடியே இறங்குவது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அமுங்கிக்கொடுக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், மூன்றாவது போதும். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியர் குறைக்கும் முறைக்கு மாற்றுங்கள். கடைசி நாள் ஹில்ட்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்கும் டவுன் ஹில்லிலும் இதே விதி. இந்த இரண்டு இறக்கத்திலும் மூடுபனி இறங்கும். அப்போது தாழ்வெளிச்ச விளக்கு மட்டும் போடுங்கள். உயர்வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே காரைக் காட்டிவிடுங்கள், முதல்நாள் அல்ல. பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வைப்பர் ரப்பர், கூலன்ட் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஓய்வுபெற்றவர்களின் கார் குறைவாகத்தான் ஓடும், அதனால் டயர் தேயாது, ஆனால் ரப்பர் வெடித்துக் காய்ந்திருக்கும். ஆறு வயது தாண்டினால் மலைக்கு வேண்டாம். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், டயர் சூடேறுமுன் பிடிக்க வேண்டும். காரின் பின்பெட்டியில் கிடப்பது 'மேரி பிஸ்கட்' எனப்படும் ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதில் 80க்கு மேல் போகக்கூடாது. சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் இந்த வயதில் கழற்ற முடியாது, கையால் அளவாக இறுக்கித் தரச் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி உண்டா என்று கேட்டு, எண்ணை இருவர் போனிலும் ஏற்றிவையுங்கள். அவசரத்துக்கு கைபேசியில் 112.

டயர் பஞ்சரானால் சாலை ஓரத்தில் நிற்க வேண்டாம். மெல்ல உருட்டியாவது அடுத்த பெட்ரோல் கராஜுக்குப் போய்விடுங்கள். டயர் போனால் போகட்டும்.

வீட்டுக்காரரின் இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். ஸ்டியரிங்கைத் தொடுமுன் ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். 5 (mmol/L கணக்கில்) இருந்தால் ஓட்டலாம். 4க்கும் 5க்கும் நடுவே என்றால் முதலில் எதையாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது: சர்க்கரை போட்ட கூல்ட்ரிங்க் ஒரு கிளாஸ் கொடுங்கள், டயட் வகை உதவாது. அளவு 5க்கு மேல் வந்த பிறகும் 45 நிமிடம் காத்திருங்கள். மீட்டரில் எண் சரியாகிவிட்டாலும் மூளையின் வேகம் உடனே திரும்பாது. ஓட்டும்போது அவர் திடீரென்று வியர்த்தாலோ, காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ, தெரிந்த திருப்பத்தைத் தவறவிட்டாலோ, "நிறுத்துங்கள்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருக்கே அது தெரியாது.

சாப்பாட்டு நேர ஊசியைத் தட்டு முன்னால் வந்த பிறகே போடட்டும். வழிக்கடையில் சாப்பாடு அரை மணி தாமதமானால் அங்கேதான் சுகர் சரியும். இன்சுலினைக் காரின் பின்பெட்டியிலும் முன்பக்கச் சிறு அறையிலும் (கபிஹோல்) வைக்காதீர்கள், வெயிலில் நின்ற கார் அடுப்பாகிவிடும். பனிக்கட்டி மேலேயும் நேராக வைக்கக்கூடாது, உறைந்துபோன இன்சுலின் வீண். துணியில் சுற்றி, குளிர்ப்பையில், உங்கள் இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து இரு பைகளில் போடுங்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கழிப்பறைக்குப் பயந்து அதை நிறுத்துவது வழக்கம், தவறு. நேரத்தை மட்டும் மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கிளாரன்ஸ் 1800 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். அங்கிருந்து கிட்டத்தில் தனியார் மருத்துவமனை உள்ள ஊர் பெத்லகேம்.

உங்கள் முழங்காலுக்கு: இருக்கையை முழுதும் பின்னால் தள்ளிவிட்டு, முதலில் உட்காருங்கள், பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஒற்றைக்காலில் நின்று ஏறும்போதுதான் மூட்டு முறுகுகிறது. இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் எளிதாகச் சுழலலாம், உட்கார்ந்தபின் அதை எடுத்துவிடுங்கள். இடுப்பு முழங்காலைவிடத் தாழாமல் ஒரு திண்டு போடுங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் குறையும்.

அறை பதியும்போது "வயதானவர்களுக்கு ஏற்றதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். தரைத்தளமா, கார் நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை படி, குளிப்பது தொட்டியிலா நின்றபடியா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, அறையில் ஃப்ரிட்ஜ் உண்டா, இப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல இடங்களில் இரண்டு மணிக்குத்தான் சாவி தருவார்கள். நீங்கள் ஒரு மணிக்கே சேர்வதால் முன்கூட்டி நுழையவும் பேசிவையுங்கள். மார்ச்சிலும் கிளாரன்ஸ் இரவு 10 டிகிரிக்கு இறங்கும், சால்வையும் காலுறையும் கட்டாயம்.

சாப்பாடு: மலைப்பக்கம் பிராய் என்ற தணலில் சுட்ட இறைச்சிதான் எங்கும், மரக்கறிக்காரர்கள் திண்டாடுவார்கள். முதல் நாளுக்கு ரொட்டியும் தண்ணீர் வற்ற வதக்கிய உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொள்ளுங்கள். சோறும் தேங்காய்ச் சட்னியும் கார்ச் சூட்டில் மதியத்துக்குள் கெட்டுவிடும். தக்காளிச் சட்னி, ஊறுகாய், பருப்பு எடுத்துக்கொண்டு, சமையலறையுள்ள குடிலாகப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ்ஸில் "குறுக்குவழி" என்பதை அணைத்துவிடுங்கள், அது மண்சாலைக்கு இழுத்துப்போகும். சேருமிடத்தைப் போடாமல் விண்டர்ட்டன், பெர்க்வில், ஹாரிஸ்மித் என்று ஊர் ஊராகப் போடுங்கள். ஆலங்கட்டி பிடித்துக்கொண்டால் பாலத்தடியில் தடத்தில் நிற்க வேண்டாம், பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது. பெட்ரோல் கராஜின் கூரைக்கடியில் ஒதுங்குங்கள். நடக்கும்போது இடி கேட்டால் மரத்தடிக்குப் போகாமல் காருக்குள் ஏறுங்கள்.

தினமும் கார் நின்றதும் மகனுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மலைக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கே அவன் பதறிப்போவான்.