மலைப்பாதையில் தனியாக சைக்கிளில் போய் ஓர் இரவு தங்கிவர எப்படித் தயாராவது?

பகலில் மலைப்பாதைகளில் ஓட்டிப் பழக்கம் இருக்கிறது, பைகளைக் கட்டிக்கொண்டு தனியாகப் போய் ஓர் இரவு மேலே தங்கிவிட்டு மறுநாள் இறங்க ஆசை, ஆனால் தயக்கமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். எந்த சைக்கிள், எந்தப் பை என்று யோசிப்பதற்கு முன்னால், அன்று எத்தனை மணிக்கு நிற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் பயணத்தில் நான் தவறியது கணக்கில். வரைபடத்தில் முதல் நாளுக்கு 42 கிலோமீட்டர் வந்தது. மண் பாதை என்றாலும் மணிக்கு 10 கிலோமீட்டராவது போகலாம், நாலரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று நினைத்து, காலை 10 மணிக்கு நிதானமாகக் கிளம்பினேன். கணவாயைத் தொட்டபோது மாலை 6 மணி ஆகியிருந்தது. பாதையின் நீளத்தைப் பார்த்தேனே தவிர, அதற்குள் 1,300 மீட்டர் ஏற்றம் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏற்றத்தின் கணக்கே வேறு. என் சைக்கிளின் முன் பல்சக்கரத்தில் 32 பற்கள், பின்னால் உள்ளவற்றில் பெரியதில் 51 பற்கள். 29 அங்குலச் சக்கரத்தோடு அந்த கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று விடாமல் மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். சரளைக்கல் உருளும் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சுமை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே பெரிது. அதனால் இப்போது ஏற்றத்துக்கு நான் கிலோமீட்டர் பார்ப்பதே இல்லை. சுமையோடு மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவேன் என்று வைத்துக்கொள்கிறேன். 1,300 மீட்டருக்கு அதுவே நாலு மணி நேரத்துக்கு மேல். நடுவில் வரும் இறக்கம், சமவெளி, தண்ணீர் பிடிப்பது, சாப்பிடுவது, சும்மா உட்கார்ந்து மூச்சு வாங்குவது எல்லாம் தனி. உங்கள் வேகம் இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். பைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உள்ள ஒரு மேட்டை ஒரு மணி நேரம் ஏறிப் பாருங்கள், உங்கள் எண் கிடைத்துவிடும்.

அன்று கணவாயில் நின்று சுற்றும் பார்க்கக்கூட நேரமில்லை. வெளிச்சம் போவதற்குள் கீழே இறங்கி, ஓடைக்கரையில் புல் மண்டிய சமதளம் ஒன்றில் கூடாரத்தைப் போட முயன்றேன். அந்த இடம்தான் இரண்டாவது தவறு. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும்; கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்பதைப் போல. அந்தக் கிண்ணத்தின் அடியில் நான் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் ஊறிய சட்டையிலிருந்து ஆவி எழும்பி, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வெண்புகையாக நின்று என் கைகளையே எனக்கு மறைத்தது. கூடாரத்தின் கொக்கியை வளையத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. விரல்கள் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கொக்கியை வைத்து அழுத்தி ஒருவழியாக மாட்டினேன். காலையில் தண்ணீர்ப் புட்டியின் வாயில் பனிக்கட்டி வளையம் கட்டியிருந்தது.

அந்த இரவில் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்துக்கான வானிலை அறிவிப்பை மேலே நம்பக் கூடாது. பள்ளத்தின் அடியை விட்டு முப்பது நாற்பது மீட்டராவது மேலே, காற்று நேராக அடிக்காத ஒரு திட்டில் படுங்கள். இடத்துக்கு வந்ததும் முதல் வேலை, பசித்தாலும் சரி, ஈர உடையைக் கழற்றிவிட்டு உறங்குவதற்கென்றே தனியாக வைத்திருக்கும் உலர்ந்த உடையைப் போட்டுக்கொள்வது. உறக்கப் பையில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். குளிராமல் உறங்கக்கூடிய அளவான ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதைப் பாருங்கள், சுருண்டு படுத்துத் தாங்கக்கூடிய எல்லையான ‘லிமிட்’ என்பதை நம்பி வாங்காதீர்கள். கீழே விரிக்கும் பாய்க்கும் அதே அளவு கவனம் கொடுங்கள். உடல் எடையில் உறக்கப் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது பெரும்பாலும் பாய்தான். தண்ணீர் வடிகட்டி மெல்லிய குழல்களால் ஆன வகை என்றால், உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. அதையும் பவர் பேங்கையும் உறக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

சுமை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கனமானவை சட்டத்தின் நடுவில், இலேசான பருமனானவை ஹேண்டில்பாரிலும் சீட்டுக்குப் பின்னாலும். தண்ணீரும் உணவும் நீங்கலாக 7 கிலோவுக்குள் அடக்கிவிடுகிறேன். இப்படிச் சுமை கட்டிப் போவது புதிதே அல்ல. 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர், மோன்டானாவின் மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரைச் சுமை கட்டிய சைக்கிள்களில் 41 நாட்களில் கடந்தார்கள். கியர் இல்லை, நல்ல பாதை இல்லை. அவர்களும் படுக்கைச் சுருளை ஹேண்டில்பாரில்தான் கட்டினார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

கட்டியபின் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள். குதித்து இறங்கும் பாதையில் ஓட்டிப் பாருங்கள். சீட்டுப் பை அப்போதுதான் பின் டயரில் உரசும். டயரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வைக்கிறேன். கூடவே மாற்றுக்கு ஒரு ஜோடி பிரேக் பேடும் எடுத்துக்கொள்கிறேன். சுமையோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வராமல், விட்டுவிட்டு அழுத்தி வாருங்கள். சூடேறிய பிரேக் டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளி கிடைக்கும்.

பழுது பார்க்கும் பொருட்களில் பஞ்சர் சாமான், பம்பு, செயின் இணைப்பு இவையெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பலரும் விட்டுவிடுவது டெரெய்லியர் ஹேங்கரை. பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும், விரல் நீளமுள்ள அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் சட்டம் உடையாமல் தான் உடைய வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்கிறார்கள். முதல் பயணத்தின் மறுநாள் காலையில் ஒரு காய்ந்த கிளை சக்கரத்தில் சிக்கி அது முறிந்தது. மாற்று என்னிடம் இல்லை. செயினைக் கழற்றி, நேராக ஓடக்கூடிய நடுப் பல்சக்கரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நீளத்துக்கு வெட்டி இணைத்து, ஒரே கியரில் 19 கிலோமீட்டர் வந்து சேர்ந்தேன். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் என்பதால் அது முடிந்தது. சில கிராம் எடையுள்ள அந்தத் துண்டு உங்கள் சைக்கிளுக்கே உரிய வடிவில் இருக்க வேண்டும், ஆகவே முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தனிமை. கூட யாராவது இருந்தால் “போதும், இங்கேயே நிற்கலாம்” என்று சொல்வார்கள். தனியாக இருக்கும்போது அதைச் சொல்ல வேண்டிய மனமே களைத்துப் போயிருக்கும். இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு மேடு என்று வாதாடும். அதனால் இப்போது வீட்டிலேயே, தெளிவாக இருக்கும்போது, மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாருக்குப் பின்னால் சட்டத்தில் ஒட்டிவிடுகிறேன். “2 மணிக்குள் கணவாய் வரவில்லையென்றால் ஏறாதே. இடி கேட்டால் ஏறாதே. எங்கே இருந்தாலும் 4.30-க்கு நில்.” இவற்றைப் பாதையில் மறுபரிசீலனை செய்வதில்லை என்பது எனக்கு நானே வைத்திருக்கும் நிபந்தனை.

நம்பகமான ஒருவரிடம் பாதையின் வரைபடத்தையும், எந்த மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்புக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். “நாளை வந்துவிடுவேன்” என்று சொல்வது போதாது. மணி வேண்டும், யாரை அழைப்பது என்ற எண்ணும் வேண்டும். செல்போன் சிக்னல் இல்லாத பகுதி என்றால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுங்கள். கழுத்தில் ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஆறு முறை: இது மலையில் ஆபத்து என்பதற்கான அறிகுறி. பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை ஒலி வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பகுதியில் தங்குவதற்கு அனுமதி தேவையா, அங்கே எந்த விலங்குகள் உண்டு, உணவை எப்படி வைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இரவுச் சத்தங்களைப் பற்றிய பயத்துக்கு எனக்கு உதவியது ஒன்றுதான். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தைச் சுற்றி ஐம்பது அடி நடந்துவிடுவேன். எந்தக் கிளை எந்தக் கிளையில் உரசுகிறது, ஓடை எந்தப் பக்கம், தளர்ந்த கற்கள் எங்கே என்று பார்த்துவைத்தால், நள்ளிரவில் கேட்கும் சத்தத்துக்குப் பெயர் இருக்கும். பெயர் தெரிந்த சத்தத்தோடு தூங்க முடிகிறது.

அடுத்த ஆண்டு அதே பாதைக்கு மீண்டும் போனேன். காலை 6 மணிக்கே கிளம்பிவிட்டேன். நல்ல வேகம். பகல் 1 மணிக்குக் கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது, இன்னும் 2 கிலோமீட்டர்கூட இல்லை. அப்போது முதல் இடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் எண்ணியது 22. வானத்தில் பாதி இன்னும் நீலமாகத்தான் இருந்தது, கால்களில் பலமும் இருந்தது. தாளைப் பார்த்தேன். திரும்பி 150 மீட்டர் உயரம் இறங்கி, குட்டை மரங்கள் அடர்ந்த ஒரு திட்டில் கூடாரம் போட்டேன். அரை மணியில் கணவாயை மேகம் மூடிவிட்டது. மாலை வரை ஆலங்கட்டி மழை. உலர்ந்த உடையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் 7 மணிக்கு, ஈரம் மின்னும் பாதையில் ஏறிக் கணவாயை அடைந்தேன். முதல் முறை தலை நிமிராமல் ஓடிக் கடந்த அதே இடம். பாதையின் வலப்பக்கம், பத்தடி தூரத்தில், பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு குளம் இருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.