வீட்டுச் சுவரில் ஐந்தரை மீட்டர்: சின்னப் பிள்ளைகளோடு பழங்காலக் காலக்கோடு

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். ஆறு வயது, எட்டு வயது என்று இரண்டு பிள்ளைகள், இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். எகிப்து, சிந்துவெளி, சோழர் என்று நிறைய வாசிக்கிறார்கள், ஆனால் எது முன்னே, எது பின்னே என்று பிடிபடவில்லையாம். காலக்கோட்டை எவ்வளவு நீளத்துக்குப் போடுவது, எங்கே தொடங்குவது, கி.மு.வை எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்கிறார். கூடவே ஒரு சங்கடம்: மாமியார் இராமாயணத்தையும் அதில் வைக்கச் சொல்கிறார்.

முதலில் அளவை முடிவு செய்யுங்கள், படமெல்லாம் அப்புறம். மணிலா அட்டையில் பத்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் ஒட்டிவிட்டு அதைக் காலக்கோடு என்கிறோம். அதில் கீசாவின் பெரிய பிரமிடும் துட்டன்காமன் என்ற சிறுவயது அரசனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருப்பார்கள், பிள்ளையும் அந்த அரசன் தான் அந்தப் பிரமிடைக் கட்டினான் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் பிரமிடு சுமார் கி.மு. 2560, துட்டன்காமன் இறந்தது சுமார் கி.மு. 1323, நடுவில் 1,200 ஆண்டுக்கும் மேல். அந்த வெற்றிடம் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடே.

அதனால் 1 செ.மீ.க்கு 10 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. ஒரு நூற்றாண்டு, ஒரு மீட்டர் ஆயிரம் ஆண்டு. மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கம், எழுத்து பிறந்த காலத்தையும் உள்ளே சேர்க்க கி.மு. 3500-இல் தொடங்கினால் இன்றுவரை ஐந்தரை மீட்டர் வரும். புத்தகக் கடையில் கிடைக்கும் மாஜோங் தாளை, அந்தப் பெரிய வெள்ளைத் தாளை, நீளவாக்கில் வெட்டி ஒட்டினாலே போதும். ஹாலில் இடம் போதாவிட்டால் மூலையில் திரும்பி நடைவழிக்குப் போகட்டும், ஆனால் இரண்டு வரிசையாக மட்டும் மடக்காதீர்கள், மேல் வரி ஒரு உலகம், கீழ் வரி இன்னொரு உலகம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். சுவரே இல்லையா, சுருட்டி வைத்து வாசிக்கும் நாளில் தரையில் விரியுங்கள். சுவரில் ஒட்டினால் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள்.

எகிப்திலிருந்து தொடங்க வேண்டாம். இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். எட்டு வயதுக்காரரின் மொத்த வாழ்க்கையும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், அதை அவரே ஸ்கேல் வைத்து அளக்கட்டும். பாட்டிக்கு எழுபது வயது என்றால் ஏழு சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி அதற்குப் பாட்டி என்றே பெயர் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆயிரம் என்ற எண்ணால் ஒன்றும் விளங்காது, ஆனால் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்த 1025-ஆம் ஆண்டு பதினான்கு பாட்டிகளுக்கு முன்னால் என்றால் அந்தத் துண்டை வைத்து வைத்து எண்ணிப் பார்த்துவிடும். பிரமிடு வரை எண்ணினால் அறுபத்தைந்தைத் தாண்டும், கை வலிக்கும், வலிக்கட்டும். வழியில் கொள்ளுத்தாத்தா பால்மரம் சீவிய காலம், பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய 1786, மலாக்கா எழுந்த சுமார் 1400 என்று தெரிந்த சிலவற்றைக் குறித்துக்கொண்டே போங்கள். பழங்காலத்துக்குப் போய்ச் சேரும்போது அது எவ்வளவு தூரம் என்று உடம்புக்கே தெரிந்திருக்கும்.

கி.மு. விஷயத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே தேவையில்லை, இத்தனை ஆண்டுக்கு முன் என்பதே போதும். எட்டு வயதுக்காரருக்கு மட்டும் கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். பூஜ்யம் என்று ஒரு ஆண்டு கிடையாது. கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் எண்கள் கூடிக்கொண்டே போகும். சீனாவை ஒன்றுசேர்த்த சின் ஷி ஹுவாங் கி.மு. 221, அலெக்சாண்டர் சிந்து நதியைக் கடந்தது கி.மு. 326, யார் முன்னே? நாலைந்து தடவை இப்படிக் கேட்டுக் கோட்டில் விரல் வைக்கச் சொன்னால் சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் பெரிய எண்தான் பழையது என்று தானே பிடித்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி புள்ளி வைக்கவும் கூடாது. வெசுவியஸ் எரிமலை பொம்பேயை மூடியது கி.பி. 79 என்று தெரியும், அதற்குப் புள்ளி வைக்கலாம். சங்ககாலத்தைப் புள்ளியில் அடக்க முடியாது, சுமார் கி.மு. 300-இலிருந்து கி.பி. 300 வரை வண்ணப் பென்சிலால் பட்டையாகத் தீட்டுங்கள். சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த கி.மு. 2600 முதல் 1900 வரை இன்னொரு நிறத்தில் எழுபது சென்டிமீட்டர். தீட்டி முடித்ததும் பிரமிடு அந்தப் பட்டைக்குள்ளேயே விழுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். நைல் ஓரத்தில் கல் ஏற்றிய நாளில் மொகஞ்சதாரோவிலும் ஆள் இருந்தார்கள் என்பதை நீங்கள் வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

அடுத்து உங்கள் ஊர். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில் சுங்கை பத்துவில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளமும் இருக்கின்றன, குனோங் ஜெராய் மலையடியில். பக்கத்துச் செபராங் பிறையில் 1834-இல் கிடைத்த ஒரு கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பயணம் நல்லபடி முடிய வேண்டி வைத்தது, காலம் சுமார் 5-ஆம் நூற்றாண்டு, கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். தோட்டத்துக்கு ஆள் எடுத்து வந்த பிறகுதான் இந்த மண்ணில் நம் கதை தொடங்குகிறது என்று பிள்ளைகள் நினைத்து வளரக் கூடாது. கோட்டின் மேற்பக்கம் வெளி உலகம், கீழ்ப்பக்கம் இந்தத் தீபகற்பம் என்று பிரித்து, ரோமர்களுக்கு நேர் கீழே சுங்கை பத்துவை வையுங்கள். ஒருநாள் நேரில் கூட்டிப் போய், திரும்பி வந்ததும் அவர்களையே வரையச் சொல்லுங்கள்.

பேராக் மனிதனும் இருக்கிறார். லெங்கோங்கில் 1991-இல் கிடைத்த எலும்புக்கூடு, பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, இடக்கை சிறுத்துப்போனவர். நம் அளவில் அவர் இன்றிலிருந்து பத்து மீட்டருக்கு அப்பால், அதாவது காலக்கோடு முடிந்த பிறகும் இன்னும் நாலரை மீட்டருக்கு மேல் போக வேண்டும். வாசலுக்கு வெளியே, கேட்டில் ஒரு அட்டை கட்டிவிடலாம்.

படங்களை மொத்தமாக அச்செடுத்து ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். அந்த வாரம் வாசித்ததிலிருந்து ஒன்றோ இரண்டோ அட்டை போதும், சின்னவர் வரையட்டும், பெரியவர் ஆண்டை எழுதட்டும். இடம் மாற்ற வசதியாகப் புளூடேக் வைத்து ஒட்டுங்கள்.

மாமியார் கேட்டது நியாயமான ஆசை, ஆனால் இராமன் வாழ்ந்த ஆண்டு என்று எதையும் காலக்கோட்டில் எழுதாதீர்கள். மேலே தனியாக ஒரு கயிறு கட்டி, ஆண்டு போடாமல் கதைகளை அதில் தொங்கவிடுங்கள், மெசொப்பொத்தேமியாவின் பழங்கதை நாயகன் கில்காமேசும் அங்கேயே வரட்டும். காலக்கோட்டிலும் இராமாயணத்துக்கு உறுதியான ஒரு இடம் உண்டு: ஜாவாவின் பிரம்பனான் கோயில் சுவர்களில் அந்தக் கதை செதுக்கப்பட்டிருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். அந்த அட்டையை ஒட்டும் நாளில் கதையைப் பாட்டியே சொல்லட்டும்.