பழைய எயார்பிக்ஸ் கட்டலினா கிட்: ஒட்டுவதா, பெட்டியோடு வைப்பதா?

கேள்வி: ஹட்டன் வீட்டு அலுமாரியில் எயார்பிக்ஸ் கொம்பனியின் 1/72 அளவு கட்டலினா விமான மொடல் கிட் (ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகப் பெட்டி) ஒன்று கிடைத்தது. பெட்டியின் ஒரு மூலை கிழிந்திருக்கிறது, உள்ளே பொலித்தீன் பை பிரிந்திருக்கிறது. பாகங்கள் இன்னும் வெட்டி எடுக்காமல் பிளாஸ்டிக் சட்டத்திலேயே இருக்கின்றன. ஒட்டலாமா, அப்படியே வைக்கலாமா?

பதில்:

ஒட்டுங்கள். பெட்டி கிழியாமல், உள்பை பிரியாமல் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். சேகரிப்பவர் காசு கொடுப்பது வயதுக்கு அல்ல, திறக்காத பைக்கும் மூலை நசுங்காத பெட்டிக்கும்தான். அதற்கும் மேல், இந்தக் கட்டலினாவின் வார்ப்பு அச்சைக் கொம்பனி பல தடவை வெவ்வேறு பெட்டிகளில் திரும்ப விட்டிருக்கிறது. மறுபடி வந்த கிட்டின் பழைய பெட்டிக்கு விலை ஏறுவது அரிது. சந்தேகமென்றால் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் பெட்டி இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள், அந்த அச்சின் முழு வரலாறும் வரும். ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

வைப்பதுதான் முடிவென்றால், நம்ம பக்கத்தில் அது சும்மா வைப்பதில்லை, பராமரிப்பு வேலை. ஈரம் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, கடதாசியைத்தான் தின்னும். பெட்டி பூஞ்சணம் பிடிக்கும், குறிப்புத் தாளை வெள்ளிப்பூச்சி அரிக்கும், டிகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் இலக்கங்களும் உள்ள தாள்) பக்கத்துத் தாளோடு ஒட்டிப்போகும். கிளிப் மூடியுள்ள காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராம் போட்டு மூடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானதும் அவன் அடுப்பில் 110 பாகையில் உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசி போட்டால் வண்டுதான் வரும். நப்தலின் பூச்சி உருண்டையைப் பக்கத்திலும் வைக்காதீர்கள். அதன் ஆவி கிட்டின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டிரீனை இளக்கும், துணி அலுமாரியில் இருந்த எத்தனையோ கிட் இப்படித்தான் பிசுபிசுத்துப் போனது. கார் கிட் என்றால் மென்மையான வைனில் டயர்களைத் தனிப் பொலித்தீன் பையில் பிரித்து வையுங்கள், அதிலுள்ள எண்ணெய் கசிந்து பட்ட இடத்தைக் கரைத்துவிடும்.

இனி ஒட்டும் வேலை. முதலில் குறிப்புத் தாளையும் டிகாலையும் 600 டீபிஐ துல்லியத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பாக இலக்கங்களை எண்ணிச் சரிபாருங்கள். கட்டலினாவில் பார்க்க வேண்டியது பின்பக்க இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். மெல்லிய கீறலைப் பற்பசையால் தேய்த்து எடுக்கலாம், வெடிப்பு என்றால் மாற்றுக் குமிழ் தேட வேண்டும். சுப்பர் குளூவைக் கண்ணாடிப் பாகத்தின் கிட்டவே கொண்டு போகாதீர்கள், அதன் ஆவி வெள்ளைப் புகையாய்ப் படியும். வெள்ளை மரப்பசை போதும். மற்றப் பாகங்களுக்கு மெல்லிய பொலிஸ்டிரீன் திரவப் பசை. கிட்டோடு பசைக் குழாய் வந்திருந்தால் அது காய்ந்திருக்கும், எறியுங்கள். பசையும் எனாமல் பெயின்ட்டும் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலில் வராது, கொழும்பில் வாங்குவதே வழி. ஹார்ட்வெயார் தின்னரால் பாகங்களைத் துடைக்க நினைக்காதீர்கள், மேற்பரப்பே கரைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெயை எடுத்துவிடும். வளைந்த இறக்கையை 60 பாகைத் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, கண்ணாடி மேசையில் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் டிகாலில்தான். தேவைப்படாத சிறு இலக்கம் ஒன்றை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் 30 வினாடி போடுங்கள். முழுசாய் வழுக்கி வந்தால் தப்பினீர்கள். துண்டு துண்டாய் உடைந்தால், மீதித் தாளுக்கு மைக்ரோஸ்கேலின் லிக்விட் டிகால் ஃபில்ம் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றையும் விளிம்போடு ஒட்ட வெட்டுங்கள். மஞ்சளடித்திருந்தால் தாளைப் பொலித்தீனில் போட்டு யன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வைத்தால் வெளுக்கும். ஆனால் ஆடி மாதத்து ஹட்டனில் வெயிலுக்கு எங்கே போவது? அப்போது பண்டாரவளைப் பக்கம் வெயில் இருக்கும், அங்கே சொந்தக்காரர் இருந்தால் யன்னல் கடன் கேளுங்கள். இல்லையென்றால் மாசி, பங்குனிக்குக் காத்திருங்கள்.

ஸ்பிரே வேலையையும் அந்த மாதங்களுக்கே ஒதுக்குங்கள். லக்கர் பெயின்ட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால் போல வெளுக்கும். சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்பிரே டின்னைத் தொடாதீர்கள். மூடுபனி இறங்கும் மாலையில் ஒரு தடவை அடித்தாலே போதும், ஒரு மாத வேலை போய்விடும்.

ஒட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942 ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானப்படையின் 413ஆம் படைப்பிரிவின் கட்டலினாதான், லெனார்ட் பேர்ச்சல் தலைமையில், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பியது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. உங்கள் கிட் சக்கரமுள்ள பிபிவை-5ஏ வகைக் கட்டலினா. கொக்கலை விமானமோ சக்கரமே இல்லாத பறக்கும் படகு. அதைச் செய்ய, பக்கவாட்டுச் சக்கரக் குழிகளை 0.5 மில்லிமீற்றர் பொலிஸ்டிரீன் தகட்டால் மூடுங்கள். தகடு கிடைக்காவிட்டால் யோகட் கப்பைப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் அதுவும் பொலிஸ்டிரீன்தான், அதன் வளைவு உடலின் வளைவுக்கு உதவும். மூக்குச் சக்கரக் கதவின் இடைவெளிக்கு, சட்டத் துண்டுகளைப் பசையில் இரண்டு நாள் ஊறவிட்டுக் கிடைக்கும் களியைப் பூசி, நன்றாய்க் காய்ந்தபின் 400, பிறகு 800 இலக்கத் தேய்ப்புத் தாளால் சமப்படுத்துங்கள். சக்கரத்தோடு செய்வதென்றால் வால் பாரத்தில் கீழே உட்காரும். உடலின் இரண்டு பாதியையும் மூடும் முன் டேப்பால் கட்டிப் பார்த்து, மூக்கில் தூண்டில் ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

இறக்கையைக் கடைசியில் ஏற்றுங்கள். உடலிலிருந்து எழும் ஒற்றைத் தூணிலும் சில தாங்கு கம்பிகளிலும்தான் அது முழுதும் நிற்கிறது. முன்னால் இருந்து பார்த்து இரண்டு முனையும் ஒரே உயரம் என்று உறுதியான பிறகே கம்பிகளை ஒட்டுங்கள். முனைக்கு முனை 44 சென்ரிமீற்றர் வரும், ஷோகேஸ் தட்டை இப்போதே அளந்துவிடுங்கள்.