தட்டின் அடியில் ‘பர்ஸ்லம்’: எந்த ஊர், எத்தனை வயது?

கேள்வி: பரணை ஒழித்தபோது பாட்டி காலத்துப் பீங்கான் தட்டு ஒன்று கிடைத்தது. அடியில் ‘பர்ஸ்லம், இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் முத்திரை. எவ்வளவு பழையது? அதில் சாப்பிடலாமா?

பதில்: பர்ஸ்லத்தைத் தனி நகரமாகத் தேடினால் குழம்பிப்போவீர்கள். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் ஆகிய ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றானதுதான் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். ஆறுமே மண்ணைச் சுட்டுப் பிழைத்த ஊர்கள். இணைந்த பிறகும் பல கம்பெனிகள் பழைய ஊர்ப்பெயரையே அச்சிட்டன. அதனால் ஊரை வைத்து வயது சொல்ல முடியாது.

நாட்டின் பெயர்தான் துப்பு. இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று குறித்திருக்க வேண்டும் என 1891இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த டிசைன் பதிவானது 1842-1883க்குள். 1759 மாதிரி ஓர் ஆண்டைப் பார்த்துத் துள்ளிவிடாதீர்கள், அது கம்பெனி தொடங்கிய ஆண்டு!

தட்டைக் கவிழ்த்து விளிம்போரம் விரலால் தடவுங்கள். மூன்று இடத்தில் சொரசொரவென்று புள்ளிகள் தட்டுப்படலாம். பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளாதபடி, கூர்முனைத் தாங்கிகள்மேல் தட்டுகளை வைத்து, சுட்ட மண்பெட்டிகளில் அடுக்கிச் சூளையில் ஏற்றிய தழும்பு அது. பாட்டில் வடிவில் நின்ற அந்தச் சூளைகள் நிலக்கரியைத் தின்றன. மண்ணைவிடப் பல மடங்கு கரி தேவைப்பட்டதால், கரி கிடைத்த இடத்துக்கு மண்ணைக் கொண்டுபோனார்கள். தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள கார்ன்வாலின் வெள்ளைக் களிமண் கப்பலில் வந்து, 1777இல் வெட்டி முடித்த கால்வாயில் படகேறியது. 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கரிச்சூளைகள் ஓய்ந்தன. லாங்டனிலுள்ள கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்தில் சில இன்னும் நிற்கின்றன.

சாப்பாட்டு விஷயம்: பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். மயிரிழை விரிசல் தெரிந்தால் ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய் எதுவும் கூடாது. புளிப்பில் ஈயம் கரைந்து இறங்கும். நானாக இருந்தால் சுவரில் மாட்டிவிடுவேன்.

கடைசியாக, தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பின்னால் விரல் நிழல் தெரிந்தால் அநேகமாக அது போன் சைனா. கலவையில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல். சுத்த சைவ வீடென்றால் பூஜையறைப் பக்கம் கொண்டுபோகுமுன் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.