கிட்டில் கிளைகளை இணைக்கும்போது எழும் முரண்கள்: கேள்வி பதில்

கேள்வி: சில கோப்புகள் தாமாகவே இணைந்துவிடுகின்றன, சிலவற்றில் மட்டும் கிட் நின்றுவிடுகிறது. எதைக் கொண்டு அது முடிவு செய்கிறது?

பதில்: கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவு செய்யும் கருவியான கிட், மூன்று வடிவங்களை ஒப்பிடுகிறது. இரு கிளைகளும் (தனித்தனியே வளர்ந்த மாற்றத் தொடர்கள்) பிரிந்த இடத்தில் இருந்த பொதுவான மூலக் கமிட்டை, அதாவது பதிவு செய்து வைத்த நிலையைக் கண்டறிந்து, அங்கிருந்து ஒவ்வொரு கிளையும் எந்த வரிகளை மாற்றியது என்று பார்க்கிறது. ஒரு பகுதியை ஒரு கிளை மட்டும் மாற்றியிருந்தால் அதை அப்படியே ஏற்கும். ஒரே வரியையோ ஒட்டியுள்ள வரிகளையோ இரண்டும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் நம்மிடம் விட்டுவிடும்.

கேள்வி: முரண் உள்ள இடத்தில் கிட் கோப்பில் இடும் குறிகளுக்கு நடுவே இரண்டு வடிவங்கள் தெரிகின்றன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: பல நேரங்களில் இரண்டையுமே அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. மூலத்தில் ‘காத்திருப்பு = 30’ என்று இருந்ததாகக் கொள்ளுங்கள். ஒருவர் அதை ‘காத்திருப்பு = 60’ என்றும், மற்றவர் ‘காத்திருப்பு_நொடி = 30’ என்றும் மாற்றியிருக்கிறார். மூலத்தைப் பார்த்தால், ஒருவர் மாற்றியது எண்ணை, மற்றவர் மாற்றியது பெயரை என்பது உடனே விளங்கும். சரியான விடை ‘காத்திருப்பு_நொடி = 60’; அது இரு கிளைகளிலுமே இல்லை. ஆனால் கிட்டின் இயல்பான அமைப்பு மூலத்தைக் காட்டுவதில்லை என்பதால், ‘மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல்’ அமைப்பை, மூலத்தையும் சேர்த்துக் காட்டும் ‘டிஃப்3’ என்று மாற்றி வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்கும் எல்லோரையும் வற்புறுத்துகிறேன். 2022-இல் வந்த 2.35 பதிப்பு முதல் ‘இசட்டிஃப்3’ என்ற வடிவமும் உண்டு. இரு பக்கமும் ஒன்றுபோல் தொடங்கும் அல்லது முடியும் வரிகளை அது முரணுக்கு வெளியே எடுத்துவிடுவதால் படிப்பது எளிது. மூலத்தைப் பார்த்த பின்னும் மாற்றத்தின் நோக்கம் புரியவில்லையென்றால், எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ரீபேஸ் செய்யும்போது வந்த முரணில் ‘அவர்ஸ்’ (நம்முடையது) என்று கொடுத்தேன், என் மாற்றங்களே போய்விட்டன. ஏன்?

பதில்: ரீபேஸ் முதலில் இலக்குக் கிளையின் மேல் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் பொருத்துகிறது. எனவே அங்கே ‘அவர்ஸ்’ என்பது இலக்குக் கிளை, ‘தெய்ர்ஸ்’ (அவர்களுடையது) என்பது உங்கள் வேலை. பழைய கமிட்டுகள் அழிந்துவிடவில்லை. கிளை முன்பு நின்ற கமிட்டுகளைப் பட்டியலிடும் ‘கிட் ரெஃப்லாக்’ மூலம் அவற்றைக் கண்டெடுக்கலாம்.

கேள்வி: முரண் எதுவும் இல்லாமல் இணைந்த நிரல் ஓட மறுக்கிறது. இது எப்படி நேர்கிறது?

பதில்: ஒரு கிளை ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருக்கும், மற்றொரு கிளை வேறொரு கோப்பில் பழைய பெயரிலேயே அதைப் புதிதாக அழைத்திருக்கும். வரிகள் மோதாததால் கிட் எதையும் சொல்லாது. நான் மிகவும் அஞ்சுவது இந்த வகையைத்தான். எவ்வளவு அமைதியாக இணைந்தாலும், இணைத்த பிறகு கம்பைல் செய்து டெஸ்டுகளை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே முரணைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டியிருக்கிறதே?

பதில்: ‘ரெரெரெ’ வசதியை இயக்குங்கள். ஒருமுறை நீங்கள் தந்த தீர்வை நினைவில் வைத்து, அதே முரண் மீண்டும் வரும்போது கோப்பில் அதையே இட்டுவிடும். தவறான தீர்வையும் அது அதே விதமாக நினைவில் வைத்திருக்கும் என்பதால், பிழை செய்துவிட்டால், அதே முரண் மறுபடி வரும்போது கோப்பின் பெயருடன் ‘கிட் ரெரெரெ ஃபர்கெட்’ கொடுத்து அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகத் தீருங்கள்.